மருந்துச் சீட்டில் அரிசியும் பருப்பும்

காசநோய்க்கு மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்றே பல ஆண்டுகளாக எண்ணப்பட்டது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு அந்தக் கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறது.

ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ. பெண்களின் சராசரி எடை 36.1 கிலோ. இது ஏதோ பஞ்ச காலத்துப் புள்ளிவிவரம் அல்ல. 2019 ஆகஸ்டுக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் காசநோய்ச் சிகிச்சைக்குப் பதிவு செய்துகொண்ட 2,800 பேரைத் தராசில் நிறுத்தியபோது கிடைத்த கணக்கு. நடுத்தரக் குடும்பத்தில் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் சிறுமியின் எடைதான், அங்கே குடும்பப் பாரம் சுமக்கும் பெண்களின் எடை.

அந்த 2,800 பேரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எடைக்குறைவு உள்ளவர்கள். சுமார் ஆறு பேரில் ஒருவர், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் கருதும் அளவுக்கு மெலிந்திருந்தார். வழக்கமான வேலையைச் செய்யும் நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் மட்டுமே. கூலி வேலை செய்து அன்றாடம் சாப்பிடும் குடும்பத்தில் இதற்குப் பொருள் ஒன்றுதான்: நோய் வந்த அன்றே வருமானம் நின்றது. வருமானம் நின்றதும் சாப்பாடு சுருங்கியது. சாப்பாடு சுருங்கியதும் நோய் இன்னும் வேகமெடுத்தது.

இந்தச் சுழற்சியை அறுக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே அந்த ஆய்வு தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘ரேஷன்ஸ்’. ஆங்கிலத்தில் நீளமான ஒரு தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் என்றாலும், சொல்ல வந்ததைச் சரியாகவே சொல்கிறது. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று, சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவளித்தது. 2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழ்களில் முடிவுகள் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

மூட்டையில் என்ன இருந்தது?

புது மருந்து எதுவும் இல்லை. நோயாளி ஒவ்வொருவருக்கும் மாதம் 10 கிலோ எடையுள்ள உணவு மூட்டை. அதில் அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய். கூடவே வைட்டமின் மாத்திரைகள். நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்படி கணக்கிட்டிருந்தார்கள். வழக்கமான அரசு மருந்துகளோடு இது ஆறு மாதம் தொடர்ந்தது. மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய் என்றால் பன்னிரண்டு மாதம்.

ஆய்வின் முக்கியக் கேள்வி நோயாளியைப் பற்றியது அல்ல, அவர் வீட்டில் உள்ளவர்களைப் பற்றியது. ஒரே கூரையின்கீழ் படுத்து, ஒரே காற்றைச் சுவாசிக்கும் மனைவி மக்களுக்கு நோய் தொற்றுவதைச் சாப்பாட்டால் தடுக்க முடியுமா? இதற்காகக் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் மூட்டை. மறு பிரிவில் நோயாளிக்கும் கொடுத்து, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்கு இதில் பாதி. மொத்தம் 10,345 பேர் 2022 ஜூலை வரை கண்காணிக்கப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் முதலிய பழங்குடியினர். மூன்றில் ஒருவருக்கு நோய் வராமலேயே எடைக்குறைவு.

கொரோனா பொதுமுடக்கம் இடையில் குறுக்கிட்டது. ஆனாலும் ஆய்வு நிற்கவில்லை. முடிவு இது: அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில், பெறாத குடும்பங்களைவிடக் காசநோய் 39 சதவீதம் குறைவாக இருந்தது. சளியில் கிருமி உறுதியாகும் நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம் குறைவு. அதாவது, பிறருக்குப் பரப்பக்கூடிய வகை நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சுமார் 30 குடும்பங்களுக்கு உணவளித்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

செலவு? 2019 விலைவாசியில் நோயாளிக்கு மாதம் ஏறத்தாழ 1,100 ரூபாய். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தலைக்கு 325 ரூபாய். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத காசநோய் ஒருவருக்கு வந்துவிட்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

இரண்டாவது மாதத் தராசு

நோயாளிகளில் பாதிப்பேருக்கு உணவு கொடுத்து, பாதிப்பேரைப் பட்டினியில் விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அறமல்ல. எனவே நோயாளிகள் எல்லாருக்குமே உணவு கொடுத்தார்கள். அவர்களில் யாருக்கு எடை கூடியது, யாருக்குக் கூடவில்லை, யார் பிழைத்தார்கள் என்று பார்த்தபோது ஒன்று தெளிவானது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடையில் 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவு. ஒரு சதவீதம் கூடினாலே அபாயம் 13 சதவீதம் குறைந்தது.

42 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோவும் சொச்சமும்தான். அந்த இரண்டு கிலோதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நிற்கிறது.

எடை கூடியதால்தான் பிழைத்தார்களா, அல்லது பிழைக்கக்கூடியவர்களுக்கே எடை கூடியதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டுக்கும் இதில் பங்கு இருக்கும். ஆனால் சிகிச்சை முடிவில் 100க்கு 94 பேருக்குக் குணம் கிடைத்தது. வேலைக்குப் போகக்கூடியவர்கள் 3 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் திரும்பவும் வயலுக்கும் சந்தைக்கும் போனார்கள். அப்படியும், ஆறு மாத முடிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எடைக்குறைவாகவே இருந்தார்கள். பல்லாண்டுப் பசியை ஆறு மூட்டைகளால் ஈடுகட்ட முடியாது.

சென்னை சொன்னதும் சொல்லாததும்

இவ்வளவு எளிய உண்மையைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை காலமாயிற்று? பதில் சென்னையில் இருக்கிறது.

மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்குச் சாப்பாடும் ஓய்வும் நல்ல காற்றுமே சிகிச்சை. மதனப்பள்ளி, தாம்பரம், பெருந்துறை என்று ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தது அப்படித்தான். பாலும் முட்டையும் கொடுத்து, மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள நாட்டில் சானடோரியப் படுக்கைகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இப்போதைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அதுதான். உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கைகொடுத்தன. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பிரிவினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுச் சிகிச்சை. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். ஆனால் நோய் குணமானதில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

உலக மருத்துவ வரலாற்றில் இது ஒரு திருப்பம். சானடோரியங்கள் தேவையற்றுப் போயின. எங்கிருக்கும் ஏழையும் தன் வீட்டிலிருந்தே குணமாக முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. இன்று பல நாடுகளில் நடக்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வித்திட்டது அந்தச் சென்னை ஆய்வுதான்.

ஆனால் நல்ல முடிவு ஒன்று தவறான பாடமாகவும் வாசிக்கப்பட்டது. ‘மோசமான சாப்பாட்டிலும் மருந்து வேலை செய்யும்’ என்று ஆய்வு சொன்னது. ‘எனவே சாப்பாடு முக்கியமில்லை’ என்று கொள்கை வகுப்பவர்கள் புரிந்துகொண்டார்கள். சொன்னது ஒன்று, எடுத்துக்கொண்டது வேறொன்று. நோயாளி பிழைத்த பிறகு அவருக்கு வேலை செய்யும் வலு வந்ததா, கடுமையாக மெலிந்து வந்தவர் முதல் மாதத்தைத் தாண்டினாரா, வீட்டில் அரைவயிற்றோடு இருப்பவர்களுக்கு வயிறு நிறைந்தால் நோய் குறையுமா என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வு பதில் தேடவில்லை. அவற்றுக்கு விடை காண அதே நிறுவனம் அறுபது ஆண்டு கழித்து ஜார்க்கண்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இடைக்காலத்தில் எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற ஊரில் ‘ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்’ என்ற மருத்துவச் சேவை அமைப்பு இயங்குகிறது. 2004 முதல் 2009 வரை அங்கே சிகிச்சைக்கு வந்த 1,695 காசநோயாளிகளின் கணக்கு 2013இல் வெளியானது. ஆண்களில் பாதிப்பேர் 42 கிலோவைத் தாண்டவில்லை. பெண்களில் பாதிப்பேர் 34 கிலோவைத் தாண்டவில்லை. மெலிவு கடுமையாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள். ஜார்க்கண்ட் ஆய்வுக்கு விதை விழுந்த இடம் இத்தகைய காட்டோர மருத்துவமனைகள்தான்.

எலும்புருக்கும் நோய்

தமிழில் இதற்கு எலும்புருக்கி நோய் என்ற பெயர் உண்டு. வடமொழியில் ‘க்ஷயம்’ என்றால் தேய்வு. கிருமியைக் கண்டறிவதற்கு முன்பே, நோய் உடலை எப்படிக் கரைக்கிறது என்பதை மக்கள் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் இவை.

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரிடம் அது ஆயுள் முழுவதும் உறங்கியே கிடக்கும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் விழித்தெழுகிறது. அதை உறக்கத்திலேயே வைத்திருப்பது உடலின் எதிர்ப்பாற்றல். எதிர்ப்பணுக்களை உருவாக்கப் புரதமும் இரும்புச்சத்தும் துத்தநாகமும் வைட்டமின்களும் வேண்டும். இவை கிடைக்காதபோது காவல் தளர்கிறது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண் 18.5க்குக் கீழே போனால் எடைக்குறைவு. அந்த எண் ஒன்று குறையும்தோறும் காசநோய் அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுகிறது.

நோய் வந்துவிட்டாலோ பாதை தலைகீழாகிறது. காய்ச்சலில் உடல் கூடுதல் கலோரியை எரிக்கிறது. தசை கரைகிறது. பசியே எடுப்பதில்லை. பசி நோயைக் கொண்டுவருகிறது, நோய் பசியைக் கொல்கிறது.

பணமா, பண்டமா?

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் அரசு அறிவித்தது. கெடு கடந்துவிட்டது. முன்னேற்றம் இல்லாமலில்லை. 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024இல் 187 ஆகக் குறைந்தார்கள். ஆனால் ‘ஒழிப்பு’ என்ற சொல்லுக்கு இன்னும் வெகுதூரம்.

உணவின் பங்கை அரசு உணராமல் இல்லை. 2018 ஏப்ரலில் ‘நிக்ஷய் போஷண்’ திட்டம் வந்தது. நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். எடைக்குறைவானவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துமிக்க துணையுணவு வழங்கவும் அதே ஆண்டு முடிவானது. 2022இல் தொடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாட்டில் தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பை வழங்குகிறார்கள். 2024இல் இது நோயாளியின் குடும்பத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஜார்க்கண்ட் ஆய்வின் தாக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் நடைமுறையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, வங்கிப் பணம் தாமதமாக வருகிறது என்ற நெடுநாள் புகார். முதல் இரண்டு மாதம்தான் உயிர் காக்கும் காலம் என்றால், மூன்றாவது மாதம் வரும் பணத்தால் யாருக்குப் பயன்? இரண்டு, தத்தெடுப்பவரின் தாராள மனதை நம்பி நடப்பது தர்மம். அது உரிமையாகாது. கொடையாளி இல்லாத ஊரில் பை வராது.

ரேஷன் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்துக்கு உறுதி தருகிறது. பருப்புக்கோ எண்ணெய்க்கோ அந்த உறுதி இல்லை. அரிசி வயிற்றை நிரப்பும். கரைந்த தசையை மீட்கப் பருப்பு வேண்டும். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலைக்குத் தருகிற தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டலாம்.

வேறொரு வகையிலும் தமிழ்நாடு முன்னோடி. 2022 ஏப்ரலில் இங்கே ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. நோய் உறுதியான உடனேயே நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். அபாயம் தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எடை பார்க்கும் தராசும் உயரம் அளக்கும் கோலும் விரலில் மாட்டும் சிறு கருவியும் போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை. சாப்பாடு மருந்தின் துணைதான், மாற்று அல்ல. நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் மாத்திரையை நிறுத்துவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியை வளர்ப்பதாகும்.

நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 45 கிலோ எடையுள்ளவருக்கு 54 முதல் 68 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், நூறு கிராம் பருப்பில் 22 கிராம், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம். இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், இரண்டு வேளை கெட்டியான பருப்பு, கைப்பிடிக் கடலை, இவற்றோடு வழக்கமான சோறோ களியோ இருந்தால் கணக்கு நேராகிவிடும். விலை உயர்ந்த புரத டப்பாக்கள் அவசியமில்லை. வட இந்தியாவில் ஏழைகளின் உணவான ‘சத்து’, வறுத்த கடலையை அரைத்த மாவுதான். நம் ஊர்ப் பொட்டுக்கடலை மாவுக்கு அது உறவு.

மருந்து தொடங்கிய வாரங்களில் குமட்டல் இருக்கும். மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாதவர் ஆறு வேளை சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் கபம் என்று பத்தியம் வைப்பது, ஏற்கெனவே கரைந்த உடம்பை இன்னும் கரைக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் இனிப்புக் கஞ்சியை நம்பாமல் பருப்பையும் முட்டையையும் நம்புவது நல்லது. மதுவை அறவே விட வேண்டும். மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

மிகக் கடுமையாக மெலிந்தவருக்கு முதல் நாளே விருந்து வைக்கக் கூடாது. நெடும்பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு குலைந்து இதயமே தடுமாறலாம். அத்தகையவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகவே உணவைக் கூட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லை என்றால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மருந்து வேலை செய்யவில்லையா, சர்க்கரை நோய் ஒளிந்திருக்கிறதா, அல்லது வீட்டில் அரிசியே இல்லையா என்று யாராவது கேட்டாக வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு டாக்டரிடம் பரிசோதனைகள் இருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கான பதில் ரேஷன் கடையில் இருக்கிறது. சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியான நாளிலேயே மாத்திரையோடு ஒரு மாத அரிசியும் பருப்பும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்தது நாடு முழுவதும் நடக்கும். அதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.